‘ஷால்’ என்றால் செய்தே ஆகவேண்டுமா?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டம் எதைப் பிரித்தாலும் ‘ஷால்’ என்னும் துணைவினை கண்ணில் படாத பக்கம் அரிது. அன்றாடப் பேச்சிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்ட இச்சொல், சட்டத்திலும் ஒப்பந்தப் பத்திரங்களிலும் மட்டும் இன்றைக்கும் கோலோச்சிக்கொண்டிருக்கிறது. ‘மே’ என்றால் செய்யலாம், ‘ஷால்’ என்றால் செய்தாக வேண்டும் என்பது சட்டக் கல்லூரியின் தொடக்கப் பாடம். ஆனால் இச்சொல் இடம்பெற்ற ஒரு விதியை மீறிய அரசு நடவடிக்கை செல்லாது என்றும், அதே சொல் இடம்பெற்ற வேறொரு விதியை மீறிய நடவடிக்கை செல்லும் என்றும் நீதிமன்றங்கள் நூறாண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பளித்து வந்திருப்பதால், அந்தப் பாடம் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த சில மாதங்களிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

இது ஆங்கிலம் அறிந்தோரின் கவலை மட்டுமன்று. நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் இயற்றும் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் மொழியிலேயே சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வ ஆங்கில வாசகமாகக் கொள்ளப்படுகிறது. எனவே தண்ணீர் வரி, தவறிப்போன காலக்கெடு, பதிவு செய்யப்படாத புகார் என்று சாதாரண மனிதர் நீதிமன்றப் படியேறும் பல காரியங்களில், முடிவு இந்த ஒரு சொல்லை நீதிபதி எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்து அமைந்துவிடுகிறது.

சொல்லின் வேர் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் முன்வடிவம், ஒருவர் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் அவர் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே சுட்டியது. தமிழில் ‘கடன்’ என்ற சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குவதால், தமிழ் வாசகருக்கு இது வியப்பாக இருக்காது. காலப்போக்கில் ‘செய்யக் கடன்பட்டவர்’ என்ற பொருள் ‘செய்வார்’ என்று தேய்ந்து, சொல் எதிர்காலத்தைக் குறிக்கும் துணைவினையாகவும் ஆயிற்று. 1653இல் ஆங்கில இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதி வெளியிட்ட ஜான் வாலிஸ், தன்மையில் ‘ஷால்’ வந்தால் அது வெறும் எதிர்காலம் என்றும், முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் அது வாக்குறுதியையோ மிரட்டலையோ உணர்த்தும் என்றும், ‘வில்’ என்னும் இணைச்சொல் இதற்கு நேர்மாறாக இயங்கும் என்றும் வகுத்தார். சட்டம் எப்போதும் படர்க்கையிலேயே பேசுவது. ஆகவே பேச்சுமொழியில் ‘ஷால்’ மங்கிப்போன பிறகும் சட்டமொழியில் அது கட்டளைச் சொல்லாக நிலைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கவே செய்கிறது.

குழப்பத்தின் விதையும் அங்கேதான் இருக்கிறது. ஒரே சொல் கட்டளைக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவாக இருந்ததால், பழைய சட்ட வரைவாளர்கள் ‘எவரேனும் திருடுவாரேல்’ என்ற நிபந்தனைப் பகுதியிலும் ‘அவர் தண்டிக்கப்படல் வேண்டும்’ என்ற கட்டளைப் பகுதியிலும் வேறுபாடின்றி இதைப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் கூட் என்ற வழக்கறிஞர் 1840களில் சட்ட வாசக அமைப்பைப் பற்றி எழுதியபோது, சட்டம் என்றென்றும் நிகழ்காலத்தில் பேசிக்கொண்டிருப்பதாகக் கொள்ளவேண்டும் என்றும், நிபந்தனைகளை நிகழ்காலத்தில் எழுதிவிட்டு யாருக்கேனும் கடமை சுமத்தும் இடத்துக்கு மட்டும் ‘ஷாலை’ ஒதுக்கவேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றத்தை நிகழ்காலத்திலும் தண்டனையை ‘ஷாலி’லும் சொன்னதால், அந்த வகையில் அக்காலச் சட்டங்கள் பலவற்றைவிடத் தெளிவாக இருந்தது.

இந்திய அரசியலமைப்பை அவ்வளவு சீரானது என்று சொல்ல முடியாது. இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று அறிவிக்கும் முதல் பிரிவிலேயே ‘ஷால்’ இருக்கிறது. அங்கே அது யாருக்கும் எந்தக் கடமையையும் சுமத்தவில்லை, எதிர்காலத்தையும் பேசவில்லை, வெறும் அறிவிப்பாகவே நிற்கிறது. சட்டத்தின்முன் சமத்துவத்தை மறுக்கக்கூடாது என்று அரசைத் தடுக்கும் 14ஆம் பிரிவில் அதே சொல், மீறினால் எந்தக் குடிமகனும் நீதிமன்றம் செல்லக்கூடிய தடையாகிறது. தீண்டாமையைப் பற்றிய 17ஆம் பிரிவோ, அது ஒழிக்கப்படவேண்டும் என்று சொல்லாமல் ஒழிக்கப்பட்டுவிட்டது என்றே நிகழ்காலத்தில் அறிவித்துவிட்டு, அதன் அடிப்படையில் எவ்விதத் தகுதிக்குறையையும் சுமத்துவது குற்றமாகும் என்ற இடத்தில் மட்டுமே ‘ஷாலை’ வைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் விசித்திரமானது வழிகாட்டு நெறிமுறைகளைப் பற்றிய 37ஆம் பிரிவு: இந்நெறிகளை எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் நிறைவேற்ற முடியாது என்று சொல்லும் அதே வாக்கியம், சட்டம் இயற்றும்போது அவற்றைப் பின்பற்றுவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. கடமை உண்டு, கேட்க ஆளில்லை.

குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவரா என்ற கேள்வியும் இச்சொல் நின்ற இடத்தால் எழுந்ததுதான். அவருக்கு உதவவும் அறிவுரை கூறவும் ஓர் அமைச்சரவை இருக்கவேண்டும் என்று மட்டுமே 74ஆம் பிரிவின் மூல வாசகம் கூறியது. கட்டாயம் அமைச்சரவையின் இருப்பின்மேல் விழுந்ததே தவிர, அதன் சொற்படி நடப்பதன்மேல் விழவில்லை. முதல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்தே இந்த ஐயத்தை 1960இல் வெளிப்படையாக எழுப்பினார். 1974இல் உச்ச நீதிமன்றம் ஷம்ஷேர் சிங் வழக்கில் கட்டுப்பட்டவரே என்று விளக்கியது, 1976இன் 42ஆவது திருத்தம் அறிவுரைப்படியே அவர் நடக்கவேண்டும் என்று இன்னொரு ‘ஷாலை’ச் சேர்த்தது, 1978இன் 44ஆவது திருத்தம் ஒருமுறை மறுபரிசீலனை கோரலாம் என்று ஒரு ‘மே’யையும், திரும்பி வந்த அறிவுரையை ஏற்றாக வேண்டும் என்று மேலுமொரு ‘ஷாலை’யும் வைத்தது.

காலவரம்பு இல்லாத கட்டளை என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அண்மையில் கண்டது. சட்டமன்றம் அனுப்பும் மசோதாவுக்கு ஒப்புதல் தருவதாகவோ, ஒப்புதலை நிறுத்திவைப்பதாகவோ, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைப்பதாகவோ ஆளுநர் அறிவிக்கவேண்டும் என்று 200ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. நிலுவையில் நின்ற பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்கு விடையளித்த ஐவர் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதலைத் தானே வழங்கியதாகக் கருதவோ இயலாது என்றும், விளக்கமின்றி நெடுங்காலம் செயலற்றிருந்தால் முடிவெடுக்கும்படி வரம்புக்குட்பட்ட ஆணையிடலாம் என்றும் கருத்துரைத்தது.

இத்தகைய சிக்கல்களைத் தீர்க்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் பாகுபாடு ஒன்று உண்டு. மீறினால் செயலே செல்லாமற்போகும் விதியைக் கட்டாய விதி என்றும், மீறினாலும் நோக்கம் நிறைவேறியிருந்தால் செயல் செல்லும் விதியை வழிகாட்டு விதி என்றும் பிரிப்பதே அது. எந்த விதி எந்த வகை என்பதை வினைச்சொல் தானாகக் காட்டிக்கொடுப்பதில்லை. 1957இல் உச்ச நீதிமன்றம் மன்போதன் லால் வழக்கில், அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்கவேண்டும் என்ற 320ஆம் பிரிவின் ‘ஷால்’ வழிகாட்டுவதே என்றது. ஆணையத்தின் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது, கலந்தாலோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அப்பிரிவு சொல்லவுமில்லை என்பவை காரணங்கள். ஆனால் அதே ஊழியருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் பணிநீக்கம் செய்யக்கூடாது என்ற 311ஆம் பிரிவு கட்டாயமானது என்பதில் எந்த நீதிமன்றமும் தயங்கியதில்லை.

ஒரே ‘ஷால்’ பாதி கட்டாயமாகவும் பாதி வழிகாட்டியாகவும் பிளவுபடக்கூடும் என்பதற்கு இராம்பூர் வழக்கு நல்ல சான்று. உத்தரப்பிரதேசத்தின் அந்த நகராட்சி தண்ணீர் வரி விதிக்க முற்பட்டபோது, வரி பற்றிய முன்மொழிவை மக்கள் அறிய வெளியிடவேண்டும் என்றும், அவ்வெளியீடு இந்தியில் வரும் உள்ளூர் ஏட்டில் அமையவேண்டும் என்றும் 1916ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் விதித்திருந்தது. நகராட்சி வெளியிட்டதோ உருது ஏடு ஒன்றில். வரியை எதிர்த்து வழக்காடிய சர்க்கரை ஆலை, சட்டம் சொன்ன ஏட்டில் வராததால் வரியே செல்லாது என்றது. 1964இல் முடிவு சொன்ன உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அந்த விதியை இரண்டாகப் பகுத்துப் பார்த்தார்கள். வரி கட்டப்போகும் மக்கள் ஆட்சேபிக்க வாய்ப்புப் பெறவேண்டும் என்பதே வெளியீட்டின் நோக்கம், ஆகவே வெளியிடுவது கட்டாயம். எந்த ஏட்டில், எந்த முறையில் என்பது வழிகாட்டுதல், ஆகவே ஊரில் நன்கு பரவியிருந்த ஏட்டில் வந்ததே போதும். வரி நின்றது. எழுத்தில் இருக்கும் ஒரு சொல்லை நோக்கத்தைக் கொண்டு அளக்கும் இந்த முறையில் நியாயம் இருக்கிறது என்றாலும், விதியைப் படிக்கும் சாதாரண குடிமகன் அதன் எந்தப் பாதி தன்னைக் காக்கும் என்பதைத் தீர்ப்பு வரும்வரை அறிய முடியாது என்ற குறையும் சேர்ந்தே இருக்கிறது.

காலக்கெடுவைப் பற்றிய வழக்குகள் இக்குறையை இன்னும் துலக்கமாகக் காட்டுகின்றன. உரிமையியல் வழக்கில் அழைப்பாணை கிடைத்த பிரதிவாதி 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்யவேண்டும், காரணத்தைப் பதிவுசெய்து நீதிமன்றம் நீட்டித்தாலும் அது 90 நாளைத் தாண்டக்கூடாது என்று உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் சேலம் வழக்கறிஞர் சங்கம் முன்னின்றதால், நாடெங்கும் அத்தீர்ப்பு இன்றும் சேலத்தின் பெயரால் வழங்குகிறது. 2005இல் நீதிமன்றம், ‘தாண்டக்கூடாது’ என்று இருந்தபோதிலும் இது நடைமுறை விதியே, மிகக் கடினமான சூழலில் 90 நாளுக்குப் பின்னும் எதிருரையை ஏற்கலாம் என்றது. எதிருரை வராவிட்டால் நீதிமன்றம் பிரதிவாதிக்கு எதிராகத் தீர்ப்புரைக்கவேண்டும், அல்லது தான் தக்கதெனக் கருதும் ஆணையைப் பிறப்பிக்கவேண்டும் என்று சட்டம் வேறோர் இடத்தில் சொல்லியிருந்தது. அந்த ‘அல்லது’ அங்கிருந்த ‘ஷாலி’ன் முனையை மழுக்கிவிட்டது என்பதையும் நீதிபதிகள் கவனித்தார்கள்.

வணிக வழக்குகளை விரைந்து முடிக்க விரும்பிய நாடாளுமன்றம் 2015இல் வேறு வழியை மேற்கொண்டது. வணிக நீதிமன்றங்களுக்கான சட்டத்தில், 120 நாள் கடந்தால் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்யும் உரிமையையே இழப்பார் என்றும் நீதிமன்றம் அதை ஏற்கக்கூடாது என்றும் விளைவையே எழுதி வைத்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாய விதி என்று ஒப்புக்கொண்டது. நுகர்வோர் வழக்கில் 30 நாளும் கூடுதலாக 15 நாளும் கடந்தபின் பதிலுரையை ஏற்க இயலாது என்று 2020இல் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆக, ஒரே மனிதர் நிலத்தகராறில் பிரதிவாதியாக இருந்தால் நான்காவது மாதத்திலும் நீதிமன்றத்தின் இரக்கத்தை எதிர்பார்க்கலாம். தன் கடையில் விற்ற குளிர்பதனப் பெட்டிக்காக நுகர்வோர் ஆணையத்தில் நிறுத்தப்பட்டால் 46ஆம் நாளிலேயே கதவு அடைபட்டிருக்கும்.

இச்சொல் காவல்துறையை நோக்கிப் பேசும்போதுதான் அதன் எடை முழுமையாகத் தெரிகிறது. குற்ற விசாரணைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றி வாய்மொழியாகத் தகவல் தரப்பட்டால், நிலைய அதிகாரி அதை எழுத்தில் பதிந்து, தந்தவருக்குப் படித்துக் காட்டி, உரிய பதிவேட்டில் அதன் சாரத்தைக் குறிக்கவேண்டும் என்றது. நடைமுறையில் மனு வாங்கிக்கொண்டு ஒரு ரசீதுடன் அனுப்பிவிடும் வழக்கத்தை யாரும் அறிவர். சிறுமி ஒருத்தியைக் காணவில்லை என்று தந்தை கொடுத்த புகார் பதியப்படாமல் கிடந்ததிலிருந்து எழுந்த லலிதா குமாரி வழக்கில், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவரும் அப்போதைய தலைமை நீதிபதியுமான ப. சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு 2013 நவம்பரில், இந்த ‘ஷாலு’க்கு ஒரே பொருள்தான் உண்டு, முதல் தகவல் அறிக்கையைப் பதிவது அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று என்று தீர்த்துச் சொன்னது. பதிவது வேறு, கைது செய்வது வேறு என்பதால் இக்கட்டாயம் எவருக்கும் அநீதி ஆகாது என்பது அமர்வு காட்டிய காரணங்களுள் ஒன்று. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல் போன்ற சிலவகைப் புகார்களுக்கு மட்டும் தொடக்க விசாரணை நடத்த இடம் விட்டது.

இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு அமெரிக்க உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் சென்றிருந்தது. கொலராடோ மாநிலத்தின் காஸில் ராக் நகரில் 1999 ஜூனில், நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்த ஒரு தாய், அந்த ஆணையை மீறி மூன்று மகள்களைக் கணவர் அழைத்துச் சென்றுவிட்டதாக இரவு முழுவதும் காவல்நிலையத்துக்குத் தொலைபேசியிலும் நேரிலும் முறையிட்டார். தடையாணையை மீறுபவரைக் காவலர் கைது செய்யவேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் ‘ஷால்’ இருந்தது. நடவடிக்கை ஏதும் இல்லை. விடியுமுன் அந்தக் கணவர் காவல்நிலையத்துக்கே வந்து துப்பாக்கியால் சுட்டு, காவலரின் குண்டுக்கு இரையானார். அவருடைய வண்டியில் மூன்று மகள்களின் உடல்களும் கிடந்தன. தாய் தொடுத்த வழக்கில் 2005இல் ஏழு நீதிபதிகள், யாரை எப்போது கைது செய்வது என்பதில் காவல்துறைக்குள்ள நெடுங்காலத் தன்விருப்புரிமையை இத்தகைய ‘ஷால்’ அகற்றிவிடுவதில்லை என்றும், அகற்றுவதாகவே கொண்டாலும் அதை வலியுறுத்திப் பெறும் தனியுரிமை அத்தாய்க்கு அரசியலமைப்பின்படி இல்லை என்றும் கூறினார்கள், இருவர் மறுத்தார்கள். இரண்டு நாடுகளின் சட்டக் கேள்விகளும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் எழுத்தில் கட்டளையாக நின்ற சொல்லைப் பழக்கம் வென்றுவிட இடமளித்த தீர்ப்பாக அது தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

இத்தனை வழக்குகளுக்கும் காரணம் சொல்லே என்று முடிவு கட்டி, அதையே நீக்க முனைந்த நாடுகளும் உண்டு. தென்னாப்பிரிக்கா 1993இன் இடைக்கால அரசியலமைப்பில் ‘ஷாலை’ வைத்திருந்து, 1996இன் நிலையான அரசியலமைப்பில் அதற்குப் பதிலாகச் சாதாரண மக்களுக்கும் புரியும் ‘மஸ்ட்’ என்ற சொல்லை வைத்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளும் 2007இல் எளிய மொழியில் திருத்தி எழுதப்பட்டபோது ‘ஷால்’ களையெடுக்கப்பட்டது. ஆனால் விசாரணை இன்றியே வழங்கும் சுருக்கத் தீர்ப்பைப் பற்றிய 56ஆம் விதியில் அதற்குப் பதிலாக வைத்த மென்மையான சொல், அவ்விதியின்மேல் பல்லாண்டுகளாக வளர்ந்திருந்த தீர்ப்புகளின் பொருளைக் குலைத்துவிடும் என்ற அச்சம் எழுந்ததால், 2010இல் பழைய ‘ஷால்’ அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. சொல்லை மாற்றலாம், அதைச் சுற்றிப் படிந்துவிட்ட தீர்ப்புகளை மாற்றுவது எளிதன்று.

அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை சொல்லைத் தொடாமல் கேள்வியை மாற்றியது. குற்றவாளியின் சொத்தைப் பறிமுதல் செய்யும் விசாரணையை ஆறு மாதத்துக்குமேல் தள்ளிவைக்கக்கூடாது என்ற 1988ஆம் ஆண்டுச் சட்ட வரம்பு மீறப்பட்ட சோனெஜி வழக்கில், 2005இல் நீதிபதி ஸ்டெய்ன், கட்டாய விதி, வழிகாட்டு விதி என்ற பாகுபாடு தன் பயனை இழந்துவிட்டது என்றும், விதி மீறப்பட்டால் அந்தச் செயல் முற்றாகச் செல்லாமற்போக வேண்டும் என்று நாடாளுமன்றம் கருதியிருக்குமா என்று மட்டும் கேட்பதே போதுமானது என்றும் விளக்கினார். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1998இலேயே இம்முடிவுக்கு வந்திருந்தது. இந்திய நீதிமன்றங்கள் பழைய பாகுபாட்டின் பெயர்களை இன்னும் விடவில்லை என்றாலும், இராம்பூர் தொடங்கிச் சேலம் வரை அவை உண்மையில் கேட்டு வந்ததும் ஏறக்குறைய இக்கேள்வியைத்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பழைய குற்ற விசாரணைமுறைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டபோதிலும் ‘ஷாலை’க் கைவிடவில்லை. அதில் 90 நாள் என்ற கெடு இரண்டு இடங்களில் அருகருகே வருகிறது. மரணம், ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றத்தில் 90 நாளுக்குள் விசாரணை முடிந்து அறிக்கை வராவிட்டால், பிணை தரத் தயாராக உள்ள கைதியை விடுவிக்கவேண்டும் என்கிறது 187ஆம் பிரிவு. பழைய சட்டத்திலிருந்தே தொடரும் இந்த ‘ஷாலி’ல் ஒருநாள் தவறினாலும் சிறைக்கதவு திறக்கும், நீதிமன்றங்கள் அதைத் தனிமனித சுதந்திரத்தின் பகுதியாகவே காத்து வந்திருக்கின்றன. புகார் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காவல் அதிகாரி 90 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்கிறது 193ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் இல்லை.